வெண்சுவரின் இருபுறம்

ஷாங்காயிலிருந்து மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சூஜோ. அதிவிரைவுத் தொடர்வண்டி அத்தொலைவை அரைமணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ஒரு சனிக்கிழமைக் காலையில் அவ்வண்டியின் சன்னலோரம் அமர்ந்திருந்த எண்பது வயது மூதாட்டி ஒருவர், குடுவையைத் திறந்து தேநீரை ஆற்றிக் குடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. “வழியில் வயல்களையே காணோமே” என்றார் அவர். அருகிலிருந்த மகன் புன்னகைத்தார். மகனுக்கும் ஐம்பது வயதாகிவிட்டது. ஷாங்காயில் பிறந்து வளர்ந்து, அலுவலகக் கணக்குகளிலேயே காலத்தைக் கழிப்பவர் அவர். சூஜோவின் பழந்தோட்டங்களுள் ஒன்பது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டுள்ளன. 1997-இல் நான்கும் 2000-இல் ஐந்துமாக அவை பட்டியலில் சேர்ந்தன. இரண்டு நாள் விடுமுறைக்குள் ஒன்பதையும் பார்த்துவிட வேண்டும் என்று அவர் ஒரு தாளில் வரிசையாகக் குறித்து வைத்திருந்தார்.

தாய் விரும்பியது ஒரே ஒரு தோட்டம். அதிலும் ஒரு குளம். அவர் பிறந்த வீடு சூஜோவின் தென்பகுதியில் ஒரு குறுஞ்சந்தில் இருந்தது. சந்தின் ஒரு பக்கத்தில் நெடிய வெண்சுவர். சுவருக்கு அப்பால் ‘வலைஞர் தோட்டம்’. அவருடைய குடும்பம் 1955-இல், அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஷாங்காய்க்குக் குடிபெயர்ந்தது. தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1958-இல். அந்த மூன்றாண்டில் தவறிய வாய்ப்பு, பிறகு எழுபது ஆண்டுகளாகத் தவறிக்கொண்டே இருந்தது. அரைநாள் பயணம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற நினைப்பே போகவிடாமல் தடுத்தது. அருகில் இருப்பவற்றை நாம் நடத்தும் விதம் அப்படித்தான்.

சூஜோ நீரால் ஆன ஊர். யாங்சி ஆற்றின் கழிமுகச் சமவெளியில், தாய்ஹு என்னும் பேரேரிக்குக் கிழக்கே அமைந்தது. கி.மு. 514-இல் வூ நாட்டு மன்னன் ஹெலூ இதனைத் தன் தலைநகராக எழுப்பினான் என்பர். 1229-இல் இந்நகரின் வரைபடத்தைக் கல்லில் செதுக்கி வைத்தனர். அக்கல்லை இன்றும் இவ்வூரின் அருங்காட்சியகம் ஒன்றில் காணலாம். தெருவும் கால்வாயும் இணைந்தே ஓடும் அந்த அமைப்பைப் பழைய நகரின் பல பகுதிகளில் இப்போதும் நடந்தே சரிபார்க்க முடியும். முன்வாசல் தெருவைப் பார்க்கும். பின்வாசற்படிகள் நீருக்குள் இறங்கும். நெல்லும் பட்டும் செழித்த நிலம் இது. விளைந்த பொருள்கள் பெருங்கால்வாய் வழியே வடக்கே தலைநகர்வரை சென்றன. செல்வத்தின் பின்னே கல்வி வந்தது. அரசுத் தேர்வுகளில் வென்று உயர்பதவிகளுக்குச் சென்றோரை இவ்வூர் மிகுதியாகத் தந்தது.

சென்றவர்கள் எல்லாரும் பதவியில் நிலைக்கவில்லை. சூஜோவின் தோட்டக் கதை பெரும்பாலும் அவ்வாறு நிலைக்காதவர்களின் கதையே. சாங் பேரரசில் அதிகாரியாக இருந்த கவிஞர் சூ சுன்சின், அலுவலகத்தின் பழந்தாள்களை விற்று வந்த பணத்தைக் கொண்டு விருந்து வைத்தார். அக்காலத்தில் அது புதிய வழக்கமன்று. எனினும் அரசியல் எதிரிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1044-இல் பதவி பறிபோயிற்று. சூஜோவுக்கு வந்தவர், 40,000 காசுக்கு ஒரு பாழ்நிலத்தை வாங்கி, நீர்க்கரையில் மண்டபம் அமைத்துச் ‘சாங்லாங்’ எனப் பெயரிட்டார். இன்று இவ்வூரில் உள்ள பெருந்தோட்டங்களுள் தொன்மையானதாகக் கருதப்படுவது அதுவே. பழந்தாள் விற்ற குற்றம் ஒரு தோட்டத்திற்கு வித்தாயிற்று!

தாயும் மகனும் முதலில் சென்றது, அனைவரும் முதலில் செல்லும் ‘எளிய நிர்வாகியின் தோட்டம்’. மிங் பேரரசில் கண்காணிப்பு அதிகாரியாக இருந்து, பணியில் இடர்ப்பட்டு ஊர் திரும்பிய வாங் சியன்சென் 1509 அளவில் இதனை அமைக்கத் தொடங்கினார். காய்கறி பயிரிட்டுப் பிழைப்பதும் திறமையற்றவன் செய்யும் ஓர் ஆட்சியே என்னும் பழைய கருத்தொன்றிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். பெயரில் பணிவு இருக்கிறது; பரப்பில் இல்லை. ஐந்து ஹெக்டேருக்கும் மிகுதியான இடத்தில் குளங்களும் தீவுகளும் பாலங்களும் விரிந்து கிடக்கின்றன. வாங்கின் நண்பரும் பெரும் ஓவியருமான வென் செங்மிங், 1533-இல் இத்தோட்டத்தின் 31 காட்சிகளைக் கவிதைகளோடு ஓவியத் தொகுப்பாக்கினார். வாங் இறந்தபின் அவருடைய மகன் ஒரே இரவுச் சூதாட்டத்தில் தோட்டம் முழுவதையும் தோற்றுவிட்டான் என்று சொல்லப்படுகிறது. அதன்பின் அது எத்தனையோ கைகள் மாறியது, பாகம் பிரிந்தது. 1860-இல் தைப்பிங் கிளர்ச்சிப் படையின் தலைவர் ஒருவரின் மாளிகையாகவும் இருந்தது. பேரனுக்காகக் கட்டியவை பேரனிடம் போய்ச் சேர்வது அரிது.

அன்று கூட்டம் மிகுதி. கொடி பிடித்த வழிகாட்டிகளின் பின்னே குழுக்கள் நகர்ந்தன. பாலங்களில் வரிசை, மண்டபங்களில் படம் எடுப்போரின் நெரிசல். தனிமைக்காகக் கட்டப்பட்ட இடத்தில் தனிமை மட்டும் கிடைக்கவில்லை. எனினும் ஓரிடத்தில் தாய் நின்றுவிட்டார். நீண்ட குளத்தின் மேற்கு முனையில், மரங்களுக்கு மேலே, ஒன்பது நிலைக் கோபுரம் ஒன்று தெரிந்தது. அது தோட்டத்திற்குள் இருப்பதன்று. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வடகோயிலின் கோபுரம். அது மறையாதபடி இடையே வெளிவிட்டு, மரங்களை இருமருங்கும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தனக்குச் சொந்தமில்லாத காட்சியைத் தன் காட்சியாக்கிக்கொள்ளும் இம்முறைக்குச் சீன மொழியில் ‘காட்சியைக் கடன் வாங்குதல்’ என்று பெயர். சூஜோ வட்டாரத்தில் பிறந்த தோட்டக் கலைஞர் ஜி செங், 1630-களில் வெளிவந்த ‘யுவான்யே’ என்னும் நூலில் இதனைச் சிறப்பித்துப் பேசுகிறார். தோட்டக்கலை குறித்துச் சீனாவில் எழுந்த நூல்களுள் தலைசிறந்தது அது.

மகன் இவற்றையெல்லாம் தாய்க்கு விளக்கினார். அவர் பள்ளியில் படித்த பாடம் நினைவில் இருந்தது. சூஜோவில் பிறந்த எழுத்தாளர் யே ஷெங்தாவ், தம் ஊர்த் தோட்டங்களைப் பற்றி 1979-இல் எழுதிய கட்டுரை சீனப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றது. இத்தோட்டங்கள் இருபக்கமும் ஒத்திருக்கும் சமச்சீரை ஏன் தவிர்க்கின்றன என்பது அக்கட்டுரையின் கருத்துகளுள் ஒன்று. அதைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர் மகன். எழுதியபோது ஒரு தோட்டத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. அந்த விடை இப்போது அவருக்கு உதவியது. தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “தொலைவில் இருக்கும் கோபுரத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவை ஒருவரும் கடன் வாங்கவில்லையே!”

அதற்கான விடை பாடத்தில் இல்லை.

பிற்பகலில் ‘சிங்க வனம்’. புத்தத் துறவி தியன்ரூவின் சீடர்கள் 1342-இல் அமைத்தது அது. சிங்கங்களை நினைவூட்டும் பாறைக் குவியல்களுக்கிடையே சுரங்கம்போல் வழிகள் நெளிகின்றன. அருகே பத்தடியில் தெரியும் மனிதரை அடைய நூறடி சுற்ற வேண்டும். குழந்தைகளுக்கு அங்கே ஒரே கொண்டாட்டம். 1917-இல் பெய் குடும்பத்தார் இத்தோட்டத்தை வாங்கினர். அக்குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கோடை விடுமுறைகளை இப்பாறைகளிடையே கழித்தான். அவனே பின்னாளில் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பிரமிடை வடிவமைத்த ஐ. எம். பெய். எளிய நிர்வாகியின் தோட்டத்தை ஒட்டி 2006-இல் திறக்கப்பட்ட சூஜோ அருங்காட்சியகமும் அவர் வடிவமைத்ததே.

இத்தோட்டங்களில் நிற்கும் பாறைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவை தாய்ஹு ஏரியிலிருந்து எடுக்கப்பட்ட சுண்ணாம்புப் பாறைகள். நீர் பல காலம் அரித்து அரித்துத் துளைகளையும் மடிப்புகளையும் உண்டாக்கியிருக்கும். மெலிந்திருத்தல், சுருக்கங்கள் பெற்றிருத்தல், நீர் ஒழுகும் வழிகள் கொண்டிருத்தல், ஒளி ஊடுருவும் துளைகள் உடைத்தாதல் என நான்கு பண்புகளை வைத்து அவற்றை மதிப்பிட்டார்கள். போதிய அளவு அரிக்கப்படாத பாறையை உளியால் துளைத்து, மீண்டும் ஏரியில் அமிழ்த்தி, அலைகள் அந்த உளித்தடத்தை அழிக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. இந்தப் பொறுமை வியப்பிற்குரியது. ஆனால் இதே பாறைகளுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. சாங் பேரரசர் ஹுயிசோங் தம் தலைநகரில் ஒரு செயற்கை மலைத்தோட்டம் அமைக்க விரும்பினார். தெற்கிலிருந்து அரிய பாறைகளும் மரங்களும் படகு படகாகச் சென்றன. பெரும்பாறைகளை ஏற்றிய படகுகள் கடப்பதற்காகப் பாலங்களையும் இடித்தார்கள். தோட்டங்களிலும் வீடுகளிலும் இருந்தவற்றை அரசின் பெயரால் பறித்தார்கள். மக்களின் கொதிப்பு 1120-இல் ஃபாங் லா என்பவரின் தலைமையில் கிளர்ச்சியாக வெடித்தது. சில ஆண்டுகளில் வடக்கிலிருந்து வந்த படைகள் தலைநகரைக் கைப்பற்றின, பேரரசர் சிறைப்பட்டார். முற்றுகையின்போது அந்த மலைத்தோட்டத்தின் பாறைகள் பகைவர்மேல் எறியும் கவண்கற்களாயின.

மாலையில் பிங்ஜியாங் தெருக் கால்வாயோரம் ஒரு சிறு கடையில் இருவரும் சூடான நூடுல்ஸ் உண்டார்கள். மகன் தாளை எடுத்துப் பார்த்தார். ஒன்பதில் இரண்டுதான் முடிந்திருந்தன. “நாளை விடியற்காலையிலேயே கிளம்பினால் மூன்றாவது பார்க்கலாம்” என்றார். தாய் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தம் தந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

தந்தை கொத்தர். சூஜோவுக்கு மேற்கே தாய்ஹு கரையில் உள்ள சியாங்ஷான் பகுதி, தச்சர்களும் கொத்தர்களும் வழிவழியாகத் தோன்றிய இடம். பெய்ஜிங் அரண்மனைக் கட்டுமானத்தில் பெரும்பங்கு ஆற்றிய மிங் காலத்துக் குவாய் சியாங் அம்மரபினரே. தாயின் தந்தை புகழ்பெற்றவர் அல்லர்; ஓடு மாற்றுவார், சுவருக்குச் சுண்ணம் பூசுவார். வலைஞர் தோட்டத்தின் கடைசி உரிமையாளருடைய வாரிசுகள் 1950-இல் அதனை அரசிடம் ஒப்படைத்தனர். அதன்பின் ஒருமுறை கூரைப் பழுது பார்க்க அவர் உள்ளே சென்று வந்தார். அன்றிரவு மகள் கேட்டாள்: “உள்ளே என்ன இருக்கிறது அப்பா?” அவர் சொன்னார்: “குளம் இருக்கிறது, அம்மா. எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.”

அச்சிறுமி கடலைப் பார்த்ததில்லை. அன்றுமுதல் சுவருக்கு அப்பால் ஒரு கடல் இருப்பதாக எண்ணிக்கொண்டாள். இரவில் காற்றடித்து மரங்கள் இரைந்தால் அது அலை என்பாள். அக்கடலின் கரையில் ஒரு புலியும் இருந்தது. 1930-களில் ஓவியர்களான ஜாங் உடன்பிறந்தார் இருவர் அத்தோட்டத்தில் குடியிருந்தனர். மூத்தவர் ஜாங் ஷான்ஸி, புலி வரைவதில் வல்லவர். அதற்காகவே ஒரு புலிக்குட்டியை வளர்த்தார். இளையவர் ஜாங் தாசியன் உலகப் புகழ் பெற்றவர். அவர்கள் போய்ப் பல ஆண்டுகளான பின்னரும், சந்தில் அடங்காத பிள்ளைகளை அடக்க அந்தப் புலி பயன்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் காலை, இருவரும் அச்சந்துக்குச் சென்றனர். வீடு இருந்த இடத்தில் வேறு கட்டடம். அது எதிர்பார்த்ததுதான். சுவர் மட்டும் அப்படியே நின்றது. புதிதாக வெள்ளை பூசியிருந்தார்கள். தாய் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். “முன்பு இன்னும் உயரமாக இருந்தது” என்றார். பிறகு, “நான்தான் குட்டையாக இருந்தேன்” என்று தாமே திருத்திக்கொண்டார்.

வலைஞர் தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ அரை ஹெக்டேர். முந்திய நாள் பார்த்த தோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷி செங்ஷி என்னும் அதிகாரி இங்கே நூல்கள் நிறைந்த இல்லம் அமைத்து வாழ்ந்தார் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் சாங் சோங்யுவான் என்பவர் புதுப்பித்து இப்பெயரை இட்டார். பதவியைத் துறந்து மீன்பிடித்து வாழும் எளியவன் என்பது பெயரின் உட்பொருள். பல்லக்கு இறக்கும் கூடம், செங்கல்லில் நுட்பமாகச் செதுக்கிய வாயில், விருந்தினர் கூடம் எனக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எளிய வலைஞனின் வீட்டுக்கு இவ்வளவு பெரிய வாயிலா என்று மகன் நினைத்துக்கொண்டார். பிறகு ஒரு பக்கவாயிலைக் கடந்ததும் குளம் தெரிந்தது.

தாய் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். இருபது மீட்டர் அகலம் இருக்கலாம். ஒரு சிறுவன் எறியும் கல் எதிர்க்கரையில் போய் விழும். “இதுதானா?” என்று கேட்டார். அக்குரலில் இருந்த ஏமாற்றத்தை மறைக்க அவர் முயலவில்லை.

மகனுக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. குளத்தின் மேற்கே நீரின்மேல் நீண்டு நிற்கும் ஒரு சிறு மண்டபம். நிலவு வரவும் காற்று சேரவும் ஆன மண்டபம் என்று அதற்குப் பெயர். தாயை அங்கே அமரவைத்தார். ஞாயிறு காலை என்பதால் கூட்டம் இன்னும் சேரவில்லை. கால்மணி நேரம் கடந்தது. அரைமணி நேரம் கடந்தது. மகன் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்; பிறகு பார்க்கவில்லை.

அமர்ந்திருந்தபோதுதான் குளம் தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. பெரிய கூடங்கள் கரையில் இல்லை. பாறைகளுக்கும் மரங்களுக்கும் பின்னே ஒதுங்கி நின்றன. நீரோரம் நின்றவை சிறிய மண்டபங்களே. அவற்றின் அருகே நீர் அகன்று தெரிந்தது. குளத்தில் தாமரை வளர்க்கவில்லை. வானம் முழுவதும் நீரில் இறங்கியிருந்தது. கரைப் பாறைகளை உட்குடைவாக அடுக்கியிருந்ததால், நீர் கரையில் நிற்காமல் கரைக்கு அடியிலும் செல்வதுபோல் தோன்றியது. வடமேற்கு மூலையில் ஒரு வளைந்த பாலம். தென்கிழக்கு மூலையில் மூன்று எட்டில் கடக்கக்கூடிய ஒரு கற்பாலம். இரண்டின் கீழும் நீர் நுழைந்து எங்கோ மறைந்தது. அதன் முடிவைக் காட்டாமல் மறைத்துவிட்டிருந்தார்கள். முடிவு தெரியாதபோது, அது இல்லை என்றே கண் நம்பிவிடுகிறது.

“அப்பா பொய் சொல்லவில்லை” என்றார் தாய். “எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.”

பின்னர் எழுந்து நடந்தார்கள். மேற்கே சுவர் சூழ்ந்த ஒரு சிறு முற்றம். அங்கே, சுவரோரம், அந்தப் புலியின் கல்லறைக் கல் இருந்தது. தாய்நாட்டை விட்டு வெளியேறி முதுமையில் தைவானில் வாழ்ந்த ஜாங் தாசியன், அண்ணன் வளர்த்த புலிக்காகத் தம் கைப்பட எழுதி அனுப்பிய எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. “ஆக, உண்மையாகவே புலி இருந்திருக்கிறது!” என்று தாய் பத்து வயதுச் சிறுமியைப்போல் சிரித்தார். இந்த முற்றத்தை மாதிரியாகக் கொண்ட ஒரு முற்றம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குள் அமைக்கப்பட்டுள்ளது. மரமும் ஓடும் பாறையும் சீனாவிலிருந்து கப்பலில் சென்றன. 27 கைவினைஞர்கள் நேரில் சென்று 1980-இல் பொருத்தினார்கள். 1981-இல் அது திறக்கப்பட்டது. மகன் இதனைச் சொன்னபோது தாய் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அவர்கள் பெயரை அங்கே எழுதி வைத்திருக்கிறார்களா?” மகனுக்குத் தெரியவில்லை. அவர் பார்த்தவரையில், இந்தத் தோட்டத்தின் அறிவிப்புப் பலகைகளில் உரிமையாளர்களின் பெயர்கள் நூற்றாண்டு வரிசையில் இருந்தன. கூரை வேய்ந்தவர், பாறை அடுக்கியவர், சுண்ணம் பூசியவர் எவர் பெயரும் இல்லை.

முற்றத்தின் சுவர் வெண்மையாக இருந்தது. அதன் முன் மெல்லிய மூங்கில்களும் ஒரு பாறையும். வெயிலில் அவற்றின் நிழல் சுவரில் விழுந்து, தாளில் மையால் வரைந்ததுபோல் அசைந்துகொண்டிருந்தது. வெண்சுவரை ஓவியத் தாளாகக் கொள்வது இக்கலையின் அடிப்படை என்று மகன் தொடங்கினார். தாய் தலையசைத்தார். பிறகு சுவரின் மேல்விளிம்பைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: “இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் ஒரு சந்து இருப்பதே தெரியாது. அங்கே எத்தனை வீடுகள் இருந்தன தெரியுமா? தினமும் சண்டை, சமையல், துணி துவைப்பு. ஒரு சத்தமும் இங்கே கேட்டிருக்காது.”

“அதற்காகத்தானே அம்மா கட்டினார்கள்.”

“ஆமாம். அதற்குத்தான் கட்டினார்கள். அப்பாதான் பூசினார்.”

வெளியே வந்தபோது நண்பகல் ஆகியிருந்தது. மகன் சட்டைப்பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார்; எடுக்கவில்லை. நிலையத்துக்குப் போகும் வழியை விட்டுத் தாய் மறுபடியும் அந்தச் சந்துக்குள் திரும்பினார். தம் வீடு இருந்த இடத்துக்கு எதிரே நின்று அண்ணாந்து பார்த்தார். சுவருக்கு மேலே ஒரு மரத்தின் உச்சிக்கிளைகள் காற்றில் அசைந்துகொண்டிருந்தன. சிறுவயதில் தோட்டத்திலிருந்து அவர் கண்டதெல்லாம் அவ்வளவுதான்.

“மண்டபத்துக்குப் பக்கத்தில் பார்த்தோமே, அந்த மரம்” என்று மகனிடம் காட்டினார். “அதற்கு நேர் கீழே தண்ணீர்.”